முடுக்கியில் தரவைக் கோக்க: ஈவென்ட் சிஸ்டமா, வொயிட் ராபிட்டா?

எங்கள் துகள் முடுக்கிக்கு, கருவிகளையெல்லாம் ஒரே நேரத்தில் கோக்கும் நேர அமைப்பைத் தேர்ந்தெடுத்தபோது கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு: எம்ஆர்எஃப் நிறுவனத்தின் ஈவென்ட் சிஸ்டமும் வொயிட் ராபிட்டும். கணினி வலையமைப்பில் கடிகாரங்களை ஒத்திசைக்கும் வழக்கமான முறையான என்டிபி தரும் மில்லிசெகண்ட் துல்லியம் வெப்பநிலை, வெற்றிட அளவீடுகளுக்குப் போதும், துகள் கற்றைக்குப் போதாது.

துல்லியம்தான் கேள்வி என்றால் வொயிட் ராபிட். செர்னில் தொடங்கியது, திறந்த வடிவமைப்பு. ஒளியிழையில் சமிக்ஞை போய்வரும் நேரத்தை ஓயாமல் அளந்து, வெப்பத்தால் தாமதம் மாறினாலும் ஒரு நானோசெகண்டுக்குள் நிறுத்திவிடும்.

நாங்கள் எடுத்தது ஈவென்ட் சிஸ்டம். மையத்திலிருந்து எண்ணிட்ட சமிக்ஞைகளை (ஈவென்ட்) எல்லா ரிசீவர்களுக்கும் ஓடையாக அனுப்பும் அமைப்பு இது. காரணம் ஆர்எஃப், அதாவது துகள்களை முடுக்கும் ரேடியோ அதிர்வெண். ஈவென்ட் சிஸ்டத்தின் கடிகாரம் முடுக்கியின் ஆர்எஃப்பை வகுத்தே கிடைக்கிறது. ஸ்வீடனின் ஈஎஸ்எஸ் முடுக்கியில் 352.21 மெகாஹெர்ட்ஸை நாலால் வகுக்கிறார்கள். கற்றை சுற்றிக்கொண்டே இருக்கும் சேமிப்பு வளையத்தில் சுற்றுப்பாதையைத் திருத்த ஆர்எஃப்பைச் சற்றே நகர்த்தினால் இந்தக் கடிகாரமும் கூடவே நகரும். ஒரு சுற்றுக்கு இத்தனை சாம்பிள் என்ற கணக்கு குலையாது. வொயிட் ராபிட் சுமப்பது உலக நேரம். ஆர்எஃப் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. ஆர்எஃப்பையே அதன் வழியாக அனுப்பலாம், பிரான்சின் ஈஎஸ்ஆர்எஃப் முடுக்கியில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது பராமரிக்க இன்னொரு அடுக்கு. சிறிய குழுவுக்கு அதுதான் சுமை.

அப்புறம் தரவைப் பொருத்துவது. முடுக்கியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான எபிக்ஸில், ஓர் அளவீட்டைத் தாங்கும் ரெக்கார்டின் டிஎஸ்இ புலத்தில் ஈவென்ட் எண்ணைப் போட்டால், அந்த ஈவென்ட் வந்த நேரமே நேரமுத்திரை ஆகிவிடும். எல்லா ரிசீவர்களும் ஒரே ஓடையை எண்ணுவதால் வளையத்தின் இரு முனைகளில் எடுத்த அளவுகளிலும் ஒரே முத்திரை. 'கிட்டத்தட்ட ஒரே நேரம்' என்று ஜன்னல் வைத்துத் தேட வேண்டியதில்லை, சமமா என்று பார்த்தால் போதும். ஒரு துடிப்பில் கற்றை ஏன் விழுந்தது என்று தேடும் நாளில் இதன் அருமை தெரியும்.

குறையும் உண்டு. கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு படி 8 நானோசெகண்ட். அதைவிட நுணுக்கமான தாமதத்துக்குத் தனி மாட்யூல் வேண்டும். ஈவென்ட் குறியீடு 8 பிட் என்பதால் எண்களை யோசித்துப் பங்கிட வேண்டும். பல கிலோமீட்டர் பரந்த வலையமைப்பில் இதை நான் இயக்கியதில்லை, அங்கே என் தீர்ப்பு செல்லாது.

அயனிகளை முடுக்கும் சின்க்ரோட்ரான் என்ற வளைய முடுக்கிகளில் கதையே வேறு. வேகம் ஏற ஏற ஆர்எஃப்பும் ஏறுகிறது. பூட்டிக்கொள்ள நிலையான அதிர்வெண் இல்லை. ஜெர்மனியின் ஃபேர் முடுக்கி மையம் வொயிட் ராபிட்டை எடுத்தது அங்கே எனக்கும் சரியாகவே படுகிறது.