நீண்டகரையா, முட்டமா?

கடற்றொழிலுக்குப் புதிய படகு காண நிறுவனங்கள் எல்லை கடந்து கைகோத்த முயற்சிகளில், குமரிக் கரையில் நின்று ஒப்பிடத் தக்கவை இரண்டு.

முதலாவது, இந்தியா, நார்வே, ஐ.நா. ஆகிய மூன்று தரப்பும் 1952-இல் செய்த ஒப்பந்தத்தின்படி, மறு ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய திட்டம். அன்று குமரியும் கொல்லமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. இயந்திரப் படகு, பனிக்கட்டி, குளிர்பதனம், குடிநீர், சுகாதார நிலையம் என்று அது கொண்டுவந்தவற்றுக்கு ஈடான முதலீட்டை எந்த மீனவர் சங்கமும் கனவிலும் கண்டிருக்காது. ஆனால் இறால் ஏற்றுமதியில் லாபம் தெரிந்ததும் படகுகள் கடலடியை வாரும் இழுவலைக்குத் திரும்பின. எளிய மீனவருக்கென வந்த தொழில்நுட்பம் முதலுள்ளவர் கைக்குப் போயிற்று.

இரண்டாவது, 1980-களின் தொடக்கத்தில் குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் உருவான பிளைவுட் வள்ளம், அதாவது ஒட்டுப்பலகைச் சிறு படகு. கட்டுமரத்துக்கும் குடைவள்ளத்துக்கும் ஏற்ற மரம் அருகி விலை ஏறிய காலம் அது. நாகர்கோவிலில் இயங்கிய ‘பொருத்தமான தொழில்நுட்ப மையம்’ என்ற அமைப்பின் பொறியாளர்களும், 1980-இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், குமரி மாவட்டச் சங்கங்களும் இதில் சேர்ந்தன; இம்முறை நடுவே மாநில எல்லை இருந்தது. வெட்டிய பலகைகளைத் துணி தைப்பதுபோல் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ஃபைபர் ஒட்டி இறுக்குவார்கள். துறைமுகம் இல்லாத கரையில், உடையும் அலையைத் தாண்டி இறங்கவும் மணலில் ஏற்றவும் முடிகிற எடையில் அது இருந்தாக வேண்டும்.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது பலகையைவிட, வள்ளம் வாங்கும் கடன்தான். மீனை விற்றுத் தருவதும், விற்ற பணத்திலிருந்து கடனைக் கழித்துக்கொள்வதும் சங்கமே என்பதால், வள்ளம் ஒழுகினால் தவணையும் நின்றுபோகும். ஆகவே குறையைக் கேளாமல் இருக்கச் சங்கத்தால் முடியாது, கேட்டதைப் பட்டறைக்குச் சொல்லாமலும் முடியாது. நீண்டகரையில் படகை வடிவமைத்தவருக்கு இப்படியொரு கட்டாயம் இல்லை.

சென்னையிலிருந்து ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979 முதல் நடத்திய வங்காள விரிகுடாத் திட்டமும் கரையிறங்கு படகுகளைச் சோதித்தது. ஆயினும் அதன் களம் பெரும்பாலும் கிழக்குக் கரை.

பிளைவுட்டும் நிலைக்கவில்லை, இன்று கரையெங்கும் ஃபைபர் வள்ளங்களே. என்றாலும், கரையிலிருந்து இறங்கும் சிறு வள்ளத்துக்கு நான் முட்டத்து வழியையே தேர்வேன். நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும், குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதிப் படகுகளுக்குச் சங்கக் கடனின் அளவு எட்டாது. அங்கே நீண்டகரை அளவுக்கு அரசின் பணமும், முட்டத்தைப்போல் படகுக்காரரிடம் கணக்குச் சொல்லும் கட்டாயமும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.