தர்மபுரியில் அவசரம் என்றால் ஜி.ஹெச்சா, நர்சிங் ஹோமா, சேலமா?

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சைப் பிடித்தாலோ, தொப்பூர் கணவாயில் வண்டி மோதினாலோ உடனே எழும் பேச்சு இதுதான்: "ஜி.ஹெச் வேண்டாம், நேரா சேலம் போயிடலாம்." பெரிய கட்டடத்தை நம்பித்தான் பெரும்பாலும் இப்படி முடிவெடுக்கிறோம். வாசலில் இறக்கியதிலிருந்து சரியான முதல் சிகிச்சை தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால், பதில் நோய்க்கு நோய் மாறுகிறது.

பாம்புக்கடிக்கு எனக்குச் சந்தேகமே இல்லை, அரசு மருத்துவமனைதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. அதில் போவது நேரம் மட்டுமே. அங்கே செய்யும் சோதனையும் எளிது. உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு, மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் ரத்தம் உறைந்தே இருக்கலாம். அதனால் கண் இமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்றும் பார்ப்பார்கள். மருந்து முதல் சுற்றிலேயே 8 முதல் 10 குப்பி வரை போகும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை. தினம் பாம்புக்கடி பார்க்கும் டாக்டரின் கைப்பழக்கமும் அங்கேதான் கிடைக்கும்.

நெஞ்சுவலி வேறு கணக்கு. வந்த 10 நிமிடத்தில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். பெரிய அடைப்பு என்று தெரிந்து, 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வழியில்லை என்றால், அரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாக வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். பாலக்கோட்டிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ கிளம்பினால் இன்னும் தூரம். அதற்குள் இதயத் தசை எவ்வளவு செத்துப்போகும்! ஆகவே பக்கத்து நர்சிங் ஹோம்கூட இங்கே ஜெயிக்கலாம், ஒரு நிபந்தனையோடு: ராத்திரி 2 மணிக்கும் ஈ.சி.ஜி. படித்து ஊசி போட டாக்டர் உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து டாக்டர் கிளம்பி வர வேண்டிய இடம் என்றால் யோசிக்காமல் ஜி.ஹெச். ஊசி போட்ட பிறகு சேலம் போகலாம்.

தலைக்காயத்துக்கு நர்சிங் ஹோம் சரிப்படாது. சி.டி. ஸ்கேனும் மூளை அறுவைச் சிகிச்சை டாக்டரும் வேண்டும். பணத்துக்குப் பயந்து அலைய வேண்டியதும் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் ஆனாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசு பணம் கட்டுகிறது. போலீஸ் கேஸ் என்று சொல்லி யாரும் திருப்பி அனுப்பவும் கூடாது. உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஓசூர்க்காரர்களுக்கு மூளை, நரம்பு சிகிச்சைக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை கிட்டத்தில் இருப்பது பெரிய வசதி. ஆனால் சாயங்கால நெரிசலில் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றால் என்ன செய்வது? மூச்சுக்குழாயும் ரத்தப்போக்கும் ஓசூரிலேயே சரியான பிறகு கிளம்புவதே நல்லது.

ஜி.ஹெச்சை இவ்வளவு சொல்லிவிட்டு அதன் குறையையும் சொல்ல வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறை வந்த பிறகு, உயிருக்குப் போராடுபவர் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே நிற்கும் மனைவிக்கோ மகனுக்கோ உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. தனியாரில் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுகிறார். அந்த ஒரு காரணத்துக்காகவே, நல்ல சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது நோயாளியைக் கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுபோகும் குடும்பங்கள் இருக்கின்றன. இது மாறியே ஆக வேண்டும்.

எங்கிருந்து எங்கே ரெஃபர் செய்தாலும் ஆம்புலன்ஸில் ஏறும் முன் அந்தக் கடிதத்தை வாங்கிப் பாருங்கள். என்ன ஊசி, எத்தனை மணிக்கு, அப்போது பி.பி. எவ்வளவு என்ற மூன்றும் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்புறம் போகிற இடத்துக்கு டாக்டரையே போன் செய்யச் சொல்லி, படுக்கை இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.