என்பிடெல் பாடங்கள்: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

ஜூலைப் பருவத்தில் என்பிடெல்லில் (ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) 12 வாரப் பாடம் ஒன்று எடுக்கலாமா, தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டுவது தகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கட்டுமானத் துறையில் வேலை பார்ப்பவர், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பொருள்களின் வலிமை) பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க நினைக்கிறார். ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது, 2014 முதல் சான்றிதழ்த் தேர்வு நடக்கிறது, சேர்வதற்குக் காசில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தீராத எரிச்சல் ஒன்றுதான்: வீடியோ. நடத்துகிற பேராசிரியர்களைக் குறை சொல்லவில்லை. கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதி, அவசரப்படாமல் விளக்குகிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அது பெரிய கொடை. ஆனால் அரை மணி நேர வீடியோவுக்குள் நமக்கு வேண்டிய ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். பீம் (உத்தரம்) வளைவதைக் கணக்கிடும் பென்டிங் சமன்பாட்டை வருவிக்கும்போது, வளைவதற்கு முன் தட்டையாக இருந்த குறுக்குவெட்டு வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் என்று ஓர் அனுமானம் உண்டு. முழு வருவிப்பும் அதன் மேல்தான் நிற்கிறது. வீடியோவில் அதை ஒரு முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த நேரம் பார்த்து நாம் டீயை எடுத்திருப்போம். புத்தகத்தில் அதே அனுமானம் எண் போட்டுத் தனி வரியில் இருக்கும். பத்துப் பக்கம் தாண்டிய பிறகு சந்தேகம் வந்தாலும் விரலை வைத்துத் திரும்பிப் போய்விடலாம்.

டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்பார்கள். பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது, பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு, அந்த உழைப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேசியதை அப்படியே எழுதினால் அது பாடநூல் ஆகிவிடாது. "இது இங்கே வருகிறது, அதை இதால் வகுக்கிறோம்" என்று வகுப்பில் சொன்னபோது பேராசிரியரின் விரல் எதைக் காட்டியது என்பது தாளில் இல்லை. தேடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சொல் எந்த விரிவுரையில் வந்தது என்று கண்டுபிடித்து, நேரே அந்த வீடியோவுக்குப் போகலாம். படிப்பதற்கு அது ஆகாது.

வீடியோவில் இன்னொரு கேடு, புரிந்துவிட்டது என்கிற நினைப்பு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 4 மீட்டர் நீள சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் (இரு முனையிலும் தாங்கி நிற்கும் உத்தரம்), மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் சீரான லோட், 200 மி.மீ. அகலம், 400 மி.மீ. ஆழம். அதிகபட்ச பென்டிங் ஸ்ட்ரெஸ் (வளைவதால் உண்டாகும் தகைவு) எவ்வளவு? ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தவருக்குச் சூத்திரம் தெரியும். லோடை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் பென்டிங் மொமன்ட் (பீமை வளைக்கும் திருப்புத்திறன்) 20 கிலோநியூட்டன் மீட்டர். அதை நியூட்டன் மில்லிமீட்டராக்கும்போது கிலோவை மட்டும் மாற்றிவிட்டு மீட்டரை மறந்தால் விடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 10 லட்சத்தால் பெருக்க வேண்டும், 2 கோடி வரும். செக்ஷன் மாடுலஸ் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு), அகலத்தை ஆழத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால், சுமார் 53.33 லட்சம் கன மி.மீ. மொமன்ட்டை அதால் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 3.75 நியூட்டன். அகலத்தையும் ஆழத்தையும் மாற்றிப் போட்டால் 7.5, சரியாக இரண்டு மடங்கு. இந்த மாதிரித் தப்பு விடைகள்தான் தேர்வில் நான்கு விருப்பங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். வெள்ளைத்தாளில் தானே போட்டுப் பார்க்காத யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

இங்கேதான் என்பிடெல்லின் உண்மையான பலம் வருகிறது, யாரும் அதிகம் பேசாத வாராந்திர அசைன்மென்ட். இரவு 11.59 மணிக் கெடு. கெடு முடிவதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் படிக்கிறவருக்கு வாரா வாரம் வரும் இந்தக் கெடுவைப் போல உதவுகிற வேறொன்று கிடையாது. எதைப் படிக்கலாம் என்று புத்தகமே சொல்லிவிடும். எப்போது படிக்க வேண்டும் என்று சொல்ல ஒரு கெடு வேண்டியிருக்கிறது.

அந்த அசைன்மென்ட்டையே கெடுக்கிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கேள்விகள் வந்த சில நாளில் விடைகளை வரிசையாகப் போட்டு வீடியோ வெளியிடுகிறார்கள். எடுத்துப் போட்டால் 25-க்கு 25 கிடைக்கலாம். ஆனால் மொத்த மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். காப்பியடித்து 25 வாங்கியவர் தேர்வில் 28 எடுத்தால் கூட்டல் 53 வரும், சான்றிதழ் வராது. அசைன்மென்ட்டில் 15 மட்டும் வாங்கி, தானே போட்டுப் பழகியவர் தேர்வில் 45 எடுத்தால் 60, சான்றிதழில் எலைட் தரம்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்தான் சேரும் என்ற விதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எட்டு வாரம் நன்றாகப் போனதும் மீதியை விட்டுவிடுகிறார்கள். தேர்வில் பன்னிரண்டு வாரமும் வரும். தூண் பாரத்தில் பக்கவாட்டில் நெளிவது (காலம் பக்லிங்) மாதிரியான தலைப்புகள் கடைசி வாரங்களுக்குத்தான் தள்ளப்படும், அங்கேயே மதிப்பெண் போகும். இன்னொன்று, பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுப் பதிவின் கடைசித் தேதி பாடம் முடிவதற்கு முன்பே போய்விடும்.

பயன்பட்ட முறையைச் சொல்கிறேன். வாரம் தொடங்கியதும் முதலில் அசைன்மென்ட் கேள்விகளை மட்டும் படியுங்கள், வீடியோவைத் தொடாதீர்கள். பிறகு புத்தகத்தில் அந்த அத்தியாயம். தீர்வு கண்ட கணக்குகளில் தீர்வை ஒரு தாளால் மூடிவிட்டு நீங்களே போடுங்கள், சிக்கினால் ஒரு வரி மட்டும் நகர்த்திப் பாருங்கள். அதற்கப்புறமும் புரியாத இடத்துக்கு மட்டும் வீடியோ, சாதாரண வேகத்தில், பேனாவோடு. கடைசியில் அசைன்மென்ட். கெடு முடிந்து விடைகள் வந்ததும் தப்பான கேள்விகளை மறுபடி போடுங்கள். பெரும்பாலானவர்கள் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

புத்தகம் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு அல்லிக்குளம் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. மெக்கானிக்ஸுக்குப் பழைய பதிப்பு போதும், ஆனால் எஸ்.ஐ. அலகில் (நியூட்டன், மீட்டர்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிலோகிராம் விசையில் போட்ட பழைய நூல்கள் இன்னமும் கடைகளில் கிடக்கின்றன, மேலே சொன்ன அலகுக் குழப்பம் அவற்றால் இரட்டிப்பாகும். வடிவமைப்புப் பாடங்களுக்குப் பழையது கூடவே கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 2000-இல் திருத்தப்பட்டது, எஃகுக்கான ஐ.எஸ். 800, 2007-இல் அடிப்படை முறையையே மாற்றிக்கொண்டது. வாங்க முடியாதவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ இரண்டு மூன்று நூல்களைப் புரட்டிப் பார்த்து, தனக்குப் பிடிபடுகிற நடையில் எழுதியது எது என்று முதலில் முடிவு செய்யலாம். ஒருவருக்குப் பொருந்துகிற பாடநூல் இன்னொருவருக்குப் பொருந்தாது.

கல்லூரி மாணவர்களுக்கு யோசனையே வேண்டாம், சேருங்கள். 2021 யு.ஜி.சி. விதிப்படி ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் இணையத் தளம்) பாடங்களின் கிரெடிட்டை ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை மாற்றிக்கொள்ள இடமுண்டு. எதை ஏற்பார்கள் என்று உங்கள் துறையில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நண்பருக்கு என் பதில் வேறு. அசைன்மென்ட்டை இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், இந்த ஜூலையில் சேர வேண்டாம். படிப்பை முடித்த பிறகு இத்தனை வருடம் கணக்கே போடாத கை, முதல் வாரக் கெடுவிலேயே விடை தேடி யூடியூபுக்குப் போகும். அந்த 1000 ரூபாயில் ஒரு பாடநூல் வாங்கி, ஷியர் ஃபோர்ஸ் (வெட்டு விசை), பென்டிங் மொமன்ட் வரைபட அத்தியாயத்தில் இருக்கிற பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் போடட்டும். பழைய பருவங்களின் வீடியோக்கள் யூடியூபில் இலவசமாகவே கிடக்கின்றன, சிக்கினால் பார்த்துக்கொள்ளலாம். எல்லாப் பாடமும் எல்லாப் பருவத்திலும் வராது, ஜனவரிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்போது சேரட்டும்.