கறுப்புக் கோட் போட்ட படம்: சிங்கப்பூரில் தொழில் செய்யும் எனக்கு எட்டு ஆண்டுச் சமூக ஊடகம் தந்தது என்ன?

2017 செப்டம்பரில் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவின் இணையத்தளத்தில் 115 வெள்ளி கட்டி ஒரு தனிநபர் நிறுவனத்தைப் பதிந்தேன். பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. யுஇஎன் என்னும் நிறுவன அடையாள எண் வந்த அன்றிரவே, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்கையும் திறந்தேன். அடுத்த ஆண்டு வாட்ஸப் பிசினஸ். இடையில் இன்ஸ்டகிராம், முகநூல், காசு கட்டிச் சேர்ந்த ஒரு தொழில்முனைவோர் குழு என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஊரைவிட்டு வந்து இங்கே சொந்தமாகத் தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எதுல இருந்தா வேலை வரும்?" இரண்டு வரியில் பதில் சொல்ல முடிகிற கேள்வி இல்லை அது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தொழில் கணக்கு எழுதுவது. கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு 2011ல் கணவரோடு இங்கே வந்தேன். முதலில் இங்கே வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் டிபென்டன்ட் பாஸ், அப்புறம் நிரந்தரவாசம். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள புடவைக்கடை, மளிகைக்கடை, தையல்கடை, கேட்டரிங், துணைப்பாட நிலையம் இவற்றின் பில்களை வாங்கிக் கணக்கில் ஏற்றி, ஜிஎஸ்டி பதிந்த கடைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதற்கான விவரங்களைத் தயார் செய்து கொடுப்பேன்.

டிபென்டன்ட் பாஸில் இருக்கும் தங்கைகளுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 மே 1 முதல் விதி மாறிவிட்டது. அந்த பாஸில் இருந்துகொண்டு சொந்தத் தொழில் நடத்த மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம் வேண்டும். அதற்கு நிபந்தனைகளும் உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவரையாவது உரிய சம்பளம் கொடுத்து, சிபிஎஃப் என்னும் மத்திய சேமநிதியும் கட்டி வேலைக்கு வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இன்ஸ்டகிராம் பக்கம் திறப்பதற்கு முன்னால் அமைச்சின் இணையத்தளத்தைப் படியுங்கள். பக்கம் திறந்து, விற்பனையும் தொடங்கிவிட்டு, அதன்பிறகு என்னிடம் வந்து பயந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, லிங்க்ட்இன்னுக்கு வருகிறேன். கணக்கைத் திறந்ததும் தோழியிடம் கறுப்புக் கோட் ஒன்றை இரவல் வாங்கிப் படம் எடுத்துப் போட்டேன். பெயருக்குக் கீழே 'ஃபவுண்டர், ஃபினான்ஸ் சொலூஷன்ஸ் ஃபார் எஸ்எம்இ', அதாவது சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு நிதித் தீர்வு தரும் நிறுவனர் என்று எழுதினேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். தமிழ் என்ற சொல் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். தமிழ்க் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்று தெரிந்தால் பெரிய இடத்தில் மதிக்க மாட்டார்கள் என்று மனமார நம்பினேன். தொடர்புகள் 500ஐத் தாண்டினால் அந்தத் தளம் சரியான எண்ணைக் காட்டாது, 500க்கு மேல் என்று மட்டும் காட்டும். அந்த அடையாளம் கிடைத்தால் போதும் என்று தினமும் ராத்திரி உட்கார்ந்து அழைப்பு அனுப்பினேன். பதினான்கு மாதத்தில் கிடைத்தது. அந்த 500 பேரில் ஒருவர்கூட எனக்கு வாடிக்கையாளர் ஆகவில்லை. பாதிப் பேர் என்னைப் போலவே கணக்கு எழுதுகிறவர்கள், மீதிப் பேர் என்னிடம் எதையாவது விற்க வந்தவர்கள். ஒருவர் லிங்க்ட்இன்னில் வளர்வது எப்படி என்று வகுப்பே விற்றார், அதிலும் சேர்ந்தேன். மாதச் சந்தா கட்டும் பிரீமியம் சேவையையும் எடுத்துப் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பலாம், பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று முழுதாகத் தெரியும். அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொண்டு எனக்கு ஆகவேண்டியதும் எதுவுமில்லை. ஆள் எடுப்பவர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கும் அது உதவலாம். சிறு சேவைத் தொழிலுக்கு இலவசக் கணக்கே போதும் என்பது என் அனுபவம்.

திருப்பம் வந்தது வேறு இடத்தில். 2020 ஏப்ரல் 7ல் சர்க்கிட் பிரேக்கர் என்னும் கொரோனா முடக்கம் தொடங்கி, ஜூன் 1 வரை பல கடைகள் அடைத்துக் கிடந்தன. அப்போது அரசாங்கம் முதலாளிகளுக்குச் சம்பள ஆதரவுத் தொகை கொடுத்தது, நினைவிருக்கும். எங்கே விண்ணப்பம் போடுவது, யாரைப் பார்ப்பது என்று கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள். உண்மையில் அதற்கு விண்ணப்பமே தேவையில்லை. ஊழியர்களுக்குக் கட்டிய சிபிஎஃப் கணக்கைப் பார்த்து வரித்துறையான ஐராஸ் தானாகவே கணக்கிட்டது. கடையின் யுஇஎன்னை வங்கிக் கணக்கோடு இணைத்து, பேநவ் கார்ப்பரேட் என்னும் உடனடிப் பணமாற்று வசதி வைத்திருந்தால் பணம் சீக்கிரம் வரும், இல்லையென்றால் காசோலைக்காகக் காத்திருக்க வேண்டும். இதை நான்கு நிமிடக் குரல்பதிவாகத் தமிழில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று பேசி, பதினோரு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினேன். மறுநாள் மாலை முன்பின் தெரியாத ஒரு மளிகைக்கடை அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, வாட்ஸப்புல பேசுனது நீங்கதானே? என் மச்சான் அனுப்புனாரு. யாருமே இப்படிப் புரியுற மாதிரி சொல்லலைம்மா." அந்த வாரத்தில் மட்டும் ஏழு அழைப்புகள். அவற்றில் மூன்று கடைகள் இன்றும் என்னிடம்தான் இருக்கின்றன.

அன்றைக்கு எனக்கு மனசு கனத்துப் போனது. மூன்று ஆண்டாக எதை மறைத்துக்கொண்டிருந்தேனோ அதைக் கேட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையைத் தமிழில் உடைத்துச் சொல்ல ஆள் தேடி இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். நானோ எனக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2021ல் லிங்க்ட்இன் பக்கத்தைத் திருத்தினேன். பெயருக்குக் கீழே 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. 'சிறு கடைகளுக்குக் கணக்கு. ஜிஎஸ்டியைத் தமிழிலும் விளக்குவேன்' என்று தமிழிலேயே எழுதி, கூடவே அதன் ஆங்கிலத்தையும் போட்டேன். கோட் படத்தை எடுத்துவிட்டு, காட்டன் புடவையில் மேசை முன்னால் எடுத்த படம் ஒன்றை வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அந்தத் தளத்திலிருந்து முதல் வேலை வந்தது, அதுவும் ஒரு சீன நண்பரின் அலுவலகத்திலிருந்து. அவர்களுக்குத் தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் சிலர் உண்டு, விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் போட்ட ஒரு பதிவையும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி 2024 ஜனவரி 1 முதல் 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகப் போகிறது. கேட்டரிங் செய்யும் ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: "தை மாசக் கல்யாணத்துக்கு இப்பவே அட்வான்ஸ் வாங்கியாச்சு, எந்த வரி போடுறது?" டிசம்பருக்குள் கைக்கு வந்த பணத்துக்கு 8, ஜனவரியில் விருந்து போட்டு வாங்கும் மீதிக்கு 9. பில்லை டிசம்பரிலேயே கொடுத்துவிட்டால் மட்டும் பழைய வரி நிலைக்காது, பணமும் வந்திருக்க வேண்டும். இதை ஒரு கல்யாணக் கணக்கை வைத்தே இரண்டு மொழியிலும் எழுதினேன். விருப்பக் குறிகள் அதிகம் விழவில்லை. ஆனால் தனிச்செய்தியில் வந்து கேட்டவர்கள் எல்லாருமே உண்மையில் வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்கள். மகளிர் தினத்துக்கு வாழ்த்துப் படம் போட்டால் இதைவிடப் பல மடங்கு குறிகள் விழும். அதிலிருந்து வேலை வந்ததே இல்லை.

வாட்ஸப் பிசினஸில் நான் விடாமல் பயன்படுத்துவது மூன்று வசதிகள்: யார் பில் அனுப்பவில்லை என்று குறித்துவைக்கும் லேபிள், திரும்பத் திரும்ப அனுப்பும் பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி, வேலை நேரத்துக்குப் பிறகு தானாகப் போகும் செய்தி. ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும். இது தெரியாமல் ஓராண்டு பாதிப் பேருக்குப் போகாத செய்திகளை அனுப்பியிருக்கிறேன். இப்போது முதல் சந்திப்பிலேயே "அண்ணே, என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லி, அவர்கள் சேமிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். குழுக்களில் கிடைக்கும் எண்களையெல்லாம் வாரியெடுத்து விளம்பரம் அனுப்பாதீர்கள். விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் அழைக்க வேண்டாம் பட்டியல் 2014 முதல் இங்கே நடப்பில் இருக்கிறது, வாட்ஸப் விளம்பரமும் அதில் அடங்கும்.

வாட்ஸப்பின் பெரிய குறை, பில்களை அதிலேயே வைத்துக்கொள்ளும் பழக்கம். புடவைக்கடை அக்கா ஒருவர் கைப்பேசி மாற்றியபோது எட்டு மாதப் பில் படங்கள் போய்விட்டன. என் பக்கமும் பாதிப் படங்கள் திறக்கவில்லை. வியாபாரப் பதிவேடுகளை இங்கே ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கொள்முதல் செய்த கடைகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து நகல் வாங்கினோம். அதற்குப் பிறகு வாட்ஸப்பில் பில் வந்தால் அன்றைக்கே மாதவாரியான கோப்புறைக்கு மாற்றிவிடுகிறேன். பேச வாட்ஸப், பத்திரப்படுத்த வேறு இடம்.

இன்ஸ்டகிராமில் பதினான்கு மாதம் ரீல்ஸ் போட்டேன். வீட்டில் கேக் செய்யும் தோழிகளுக்கும் மெஹந்தி போடுபவர்களுக்கும் அது அள்ளிக் கொடுக்கிறது. கண்ணால் பார்த்து ஆசைப்படும் பொருளுக்கான இடம் அது. ஜிஎஸ்டிக்கு இல்லை. முகநூலில் தாய்மார்கள் குழுக்கள் வழியாக இரண்டு பேர் வந்தார்கள், அவ்வளவே.

இனி, சொல்லத் தயங்கிய விஷயம். வியாபாரம் தருவதாக ஒருவர் லிங்க்ட்இன்னில் அறிமுகமானார். இரண்டாவது செய்தியிலேயே கணவர் என்ன செய்கிறார், வீட்டில் தனியாகத்தான் வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டார். மூன்றாவது செய்தியில் இரவு பத்து மணிக்கு ஒரு ஹோட்டல் பாரில் சந்திக்கலாம் என்றார். பதில் போடாமல் விட்டதும் இன்ஸ்டகிராமில் வந்தார், அங்கே தடுத்ததும் வாட்ஸப்பில் வந்தார், ஏனென்றால் என் எண் லிங்க்ட்இன் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு வாரம் ஒவ்வொரு முறை கைப்பேசி ஒலித்தபோதும் வயிற்றைக் கலக்கியது. வீட்டில் சொன்னால் தொழிலையே விடச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. கடைசியில் கணவரிடம் சொன்னேன். அவர் சொன்னது, "எல்லாத்தையும் படம் எடுத்து வை, அழிச்சிடாதே." அப்படியே செய்தேன். இங்கே 2014லேயே தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்திருக்கிறது, இணையத்தில் தரும் தொல்லைக்கும் அது பொருந்தும், நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. போக வழி உண்டு என்று தெரிந்ததே எனக்குத் தெம்பாக இருந்தது.

அன்றிலிருந்து தொழிலுக்குத் தனி சிம். லிங்க்ட்இன்னில் எண்ணை எடுத்துவிட்டேன், என் தொடர்புகளின் பட்டியல் எனக்கு மட்டும் தெரியும்படி மாற்றினேன், 'இணை' பொத்தானுக்குப் பதில் 'பின்தொடர்' பொத்தான் முன்னால் வரும்படி வைத்தேன். தடுத்தால் அவர்களுக்கு அறிவிப்புப் போகாது, அதனால் தயங்காமல் தடுங்கள். முதல் சந்திப்பு எப்போதும் பகலில், தேக்கா பக்கம் ஆள் நடமாட்டம் உள்ள காப்பிக்கடையில். மகளின் படம் எதிலும் கிடையாது.

நேரில் போகும் கூட்டங்களையும் விட்டுவிடாதீர்கள். நான் காசு கட்டிச் சேர்ந்த குழு காலை 7 மணிக்குக் கூடும். மகளின் பள்ளிப் பேருந்து 6.40க்கு. ஓராண்டு ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டேன். மாலைக் கூட்டங்களும் அப்படித்தான், சமையல் நேரத்தில்தான் வைக்கிறார்கள். யாருடைய நேரத்தை நினைத்து இவற்றை வைக்கிறார்கள் என்று இன்றும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் ஏப்ரலில் நடக்கும் தமிழ் மொழி விழா நிகழ்ச்சிகளுக்கு மகளோடு போவேன். அப்படி ஒரு நிகழ்ச்சியில் தேநீர் வரிசையில் பேச்சுக் கொடுத்த துணைப்பாட நிலைய ஆசிரியை ஒருவர் இதுவரை நான்கு வாடிக்கையாளர்களை அனுப்பியிருக்கிறார். அவரோடு லிங்க்ட்இன்னில் இணைந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

போன மாதம் ஒரு தையல்கடைத் தங்கை தன் லிங்க்ட்இன் பக்கத்தைக் காட்டி, "அக்கா, சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். 'ஃபேஷன் ஆன்ட்ரப்ரனர்' என்று இருந்தது, படத்தில் கறுப்புக் கோட். "நீ என்னம்மா செய்யுறே?" என்று கேட்டேன். "கல்யாண பிளவுசுக்கு ஆரி ஒர்க், அக்கா. அளவு கொடுத்தா பத்து நாள்ல முடிச்சிடுவேன்." அதையே அப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் அடிக்கச் சொன்னேன். ராத்திரி புதுப் படம் ஒன்றை மாற்றிவிட்டு எனக்கு அனுப்பினாள். ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்து, கையில் ஊசியோடு நிமிர்ந்து பார்க்கிறாள்.