புவியியலுக்குக் கலைமாணியா, விஞ்ஞானமாணியா: மட்டக்களப்பில் ஓர் ஆலோசனை நிலையத்தின் சேவை

அக்காவின் மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவில் புவியியல், பொருளியல், தமிழ் ஆகிய பாடங்களை எடுத்தவள். இங்கிலாந்தில் புவியியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டுமே அது நடக்கும் என்பது வீட்டுக் கணக்கு. மட்டக்களப்பு நகரில் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பித் தரும் ஒரு நிலையத்துக்கு அவளைக் கூட்டிச் சென்றேன். நான் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து அதையே கற்பிப்பவன். ஆகவே அங்கே சொல்லப்பட்டதைச் சற்றுக் கூர்ந்தே கேட்டேன்.

ஆவண வேலையில் அவர்களிடம் குறை காண முடியாது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தகப்பன் பெயர் ஓரெழுத்துப் பிசகியிருந்ததை, நாங்கள் எவரும் கவனிக்காதபோதும், முன்மேசையில் இருந்த பிள்ளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துப் பென்சிலால் வட்டமிட்டுத் தந்தார்.

ஆலோசனைதான் இடித்தது. ஆலோசகர் பெறுபேற்றுத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "சேர், பிள்ளைக்கு பி.எஸ்சி. போடுவம். பி.ஏ. எண்டா ஆர் மதிக்கிற?" என்று சொல்லி, விண்ணப்பத்திலுள்ள ஐந்து தெரிவுகளையும் விஞ்ஞானமாணியாகவே, அதாவது பி.எஸ்சி.யாகவே, நிரப்பத் தொடங்கினார். இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகங்கள் விஞ்ஞானமாணிப் புவியியலுக்கு இன்னொரு விஞ்ஞானப் பாடத்தையும் எதிர்பார்க்கின்றன. பொருளியலும் தமிழும் படித்த பிள்ளைக்கு முதலில் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

பட்டத்தின் பெயரை வைத்துப் படிப்பை எடைபோடுவது இந்தத் துறையில் அதிகம் உதவாது. டர்ஹம் போன்ற இடங்களில் இரண்டு பட்டங்களையும் ஒரே புவியியல் துறைதான் வழங்குகிறது. கேம்பிரிட்ஜிலோ, பனிப்பாறையைப் பற்றியே ஆராய்ந்தாலும் கையில் கிடைப்பது கலைமாணிதான். ஸ்கொட்லாந்தில் எடின்பரோவில் கலைப்பக்கத்துப் புவியியலின் முதற்பட்டமே எம்.ஏ. என்ற பெயரில் வருவதைச் சொன்னபோது ஆலோசகர் நம்பவில்லை. லண்டன் பொருளியல் கல்லூரியில் புவியியலும் பொருளியலும் சேர்ந்த பட்டம் விஞ்ஞானமாணி. அதில் ஆற்று மணலையோ மண் மாதிரியையோ தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பொதுவாகக் கலைமாணி, மனிதரையும் சமூகத்தையும் பார்க்கும் மானிடப் புவியியலின் பக்கமும், விஞ்ஞானமாணி, நிலத்தையும் நீரையும் காலநிலையையும் பார்க்கும் பௌதிகப் புவியியலின் பக்கமும் சாயும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு சாயும் என்பதை இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாட அலகுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால்தான் அறியலாம். கணினியில் வரைபடத் தரவுகளைக் கையாளும் புவியியல் தகவல் முறைமையும், செய்மதிப் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வும் பல இடங்களில் இரு பக்கத்தாருக்கும் கிடைக்கின்றன.

அந்தப் பட்டியலை அங்கே ஒருவரும் திறக்கவில்லை. பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லியிருப்பாள். கோடையில் மணல் மேடிட்டு மூடிக்கொள்ளும் வாவியின் வாய், வடகீழ்ப் பருவக்காற்று மழையில் உடையும். அது உடையத் தாமதித்தால், பெரும்போக வயலில் தண்ணீர் நிற்கிறவர்கள் வெட்டிவிடச் சொல்வார்கள், வாவி மீனை நம்பியிருப்பவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். மணல் எப்படிச் சேர்கிறது என்பது பௌதிகம்; எப்போது, யாருடைய சொல்லுக்கு வெட்டுவது என்பது மானிடம். அவளுக்கு இரண்டாவது கேள்வியில்தான் கண் விரியும். அப்படிப்பட்டவளை அலையின் சமன்பாட்டுக்குள் மூன்று வருடம் உட்காரவைப்பது வீண். மறுபக்கம், கணக்கில் கெட்டியாக இருந்து, கல்லடிக் கரையில் அலை மண்ணை அரிப்பதை அளந்து பார்க்கத் துடிக்கிற பிள்ளையாயின் விஞ்ஞானமாணியையே நானும் சொல்லியிருப்பேன்.

கலைமாணி படித்தால் வேலை கிடைக்காது என்று ஆலோசகர் பயமுறுத்தியதும் பிடிக்கவில்லை. நம் நாட்டு நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வேண்டும். அது கலையா விஞ்ஞானமா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நில அளவைதான் ஒருவரின் இலக்கு என்றால், அதற்கு தியத்தலாவையில் தனி நிறுவனமே இருக்கிறது. புவியியல் பட்டத்தைச் சுற்றி வளைத்து அங்கே போக வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு ஞாயிறு முழுக்க நாங்களே பாட அலகுகளை வாசித்து, ஐந்தில் மூன்றைக் கலைமாணியாக மாற்றினோம். மீதி இரண்டு விஞ்ஞானமாணியும் விஞ்ஞானப் பாடம் கேட்காதவை. அவற்றில் மானிட அலகுகளும் தாராளமாக இருந்தன. மறுநாள் கொண்டுபோனபோது முன்மேசைப் பிள்ளை முகம் சுளிக்காமல், மேலதிகக் கட்டணமும் கேட்காமல் திருத்தித் தந்தார். ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்ப இந்த நிலையத்தை நம்பிப் போகலாம். எதைப் படிப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.