ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா: எது நல்லா உழைக்கும்?

காந்திபுரத்து மொபைல் கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேளுங்கள், பதில் உடனே வரும். அப்டேட் எந்த வருஷத்தோடு நிற்கும் என்று கேட்டால், "அதெல்லாம் வருமுங்க" என்பதுதான் பதில். போனின் உண்மையான ஆயுள் அந்த வருஷம்தான்.

ஐபோன் 11 வந்தது 2019-இல். 2025-இல் வெளியான ஐபோன் மென்பொருள் ஐஓஎஸ் 26 அதற்கும் உண்டு. 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் அதற்கு முந்தைய ஐஓஎஸ் 18-ஓடு நின்றுவிட்டன. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்கு ஒரு கணக்கு, மாடலுக்கு ஒரு கணக்கு. கூகுளின் பிக்சல் 8-க்கும் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருஷம். விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜிக்கே 6 வருஷம். ஆறாம் வருஷம் அது ஆமை வேகத்தில்தான் ஓடும் என்பது வேறு விஷயம். இந்த வருஷக் கணக்கு மாடல் வெளியான நாளில் தொடங்குகிறது, பில் போட்ட நாளில் அல்ல. 4 வருஷ மாடலை இரண்டு வருஷம் கழித்து தீபாவளி ஆஃபரில் வாங்கினால், கைக்கு வருவது 2 வருஷம்.

ஆண்ட்ராய்டின் பெரிய தலைவலி வேறு. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னால் ஓடும் ஆப்பைப் போனே நிறுத்திவிடும். ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் இது அதிகம். தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் ஆப் வைத்திருப்பவருக்கு, மும்முனை கரண்ட் வந்த தகவல் திரையைத் திறந்த பிறகுதான் வந்து விழும். திருப்பூரில் வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டருக்கும் இதே கதி. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோவுக்குப் போய், பேட்டரியில் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' அல்லது அதுபோன்ற தடையில்லாத தேர்வை வையுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பல போன்களில் பலனில்லை. பெரிய அப்டேட் வந்த பிறகு இரண்டையும் மறுபடி பார்ப்பது நல்லது.

ஐபோனில் இந்த அக்கப்போர் குறைவு. அங்கே இடம்தான் பிரச்சினை. 64 ஜிபி ஐபோன் 11 நிரம்பிவிட்டால் அப்டேட் இறங்காமல் நிற்கும். படங்களை அழிக்க மனமில்லை என்றால், கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு அப்டேட் செய்யலாம். போனில் அவ்வளவு இடம் தேவைப்படாது. ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பிடமான ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான், கூகுளில் 15. அந்த 15-இலும் இப்போது வாட்ஸ்அப் பேக்கப் சேர்ந்துவிட்டது.

பழைய ஐபோன் வாங்குகிறவர் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் இருந்த திறனில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரிச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீங்காத போனைத் தொடவே வேண்டாம்.

சர்வீஸுக்குக் கோவை வந்துபோக முடிகிறவர், ஆறு வருஷம் ஒரே போன் என்று முடிவெடுத்தவர் ஐபோன் வாங்கலாம். தாராபுரம், சத்தி பக்கம் இருந்துகொண்டு, டிஸ்ப்ளே உடைந்தால் பக்கத்துக் கடையிலேயே மாற்ற வேண்டும் என்பவருக்கு 6 வருஷ அப்டேட் உள்ள சாம்சங்கே வசதி. ஐபோனில் வெளிக்கடை டிஸ்ப்ளே போட்டால் 'தெரியாத பாகம்' என்று செட்டிங்ஸில் எச்சரிக்கை வந்து உட்கார்ந்துகொள்ளும். விற்கும்போது அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர், கடைக்காரர் புது போனைத் திறந்து எல்லாம் செட் செய்து தருவதற்கு முன் தடுத்துவிடுங்கள். ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக வாட்ஸ்அப் உரையாடல்கள் வர, ஐபோன் புதிதாகவோ ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும்.