காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில சைனஸ் தலைவலிக்கு வாங்குனது: எது தேறுச்சு, எது தண்டம்

ஒரு கல்யாணத்துக்காக பத்து நாள் முன்னாடியே சென்னையில இருந்து வந்து கானாடுகாத்தான் வீட்ட தொறந்தோம். வருஷத்துக்கு ரெண்டு தடவ தொறக்குற வீடு, வளவ (நடு முற்றத்த) சுத்தி பூட்டியே கெடந்த ரூமு, வௌவால் வாடை வேற, ஒட்டடை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு சைனஸ் வந்து உக்காந்துருச்சு. கோலம் போட குனிஞ்சா நெத்திக்குள்ள உலக்கை இடிக்குது, மேல்வரிசை பல்லெல்லாம் வலி. பல்லுல ஒண்ணும் கோளாறு இல்ல, கன்னத்து எலும்புக்குள்ள இருக்குற காத்து அறை மேல்பல்லு வேருக்கு ஒட்டுனாப்புல இருக்கு, அது வீங்குனா பல்லுல தெரியும்.

காரைக்குடியில ஒரு பழைய நாட்டு மருந்துக் கடை. பேரு போடல, ஏன்னா கீழ ஒரு குறை சொல்லப்போறேன். உள்ள போனாலே ஓமம், வசம்பு, சாம்பிராணி வாசம் கலந்து அடிச்சு பாதி மூக்கு தொறந்துரும். பெரியவர் கேட்ட உடனே நீர்க்கோவை மாத்திரை எடுத்து வச்சாரு. மாத்திரைன்னு பேரு இருக்கே, சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு கேட்டேன், "ஆச்சி, அது முழுங்குறது இல்ல, நெத்தியில போடுறது"ன்னு சிரிச்சுட்டாரு. அசிங்கமா போச்சு.

அதுதான் இந்த லிஸ்ட்ல முதல் மார்க். கல்லுல சுடுதண்ணி ரெண்டு சொட்டு விட்டு உரசுனா மஞ்சளும் சுக்குமா கொழகொழன்னு வரும், நெத்தியிலயும் மூக்குத்தண்டுலயும் தடவணும். அஞ்சு நிமிஷத்துல காந்தும், அப்பறம் காய்ஞ்சு தோல இழுத்துப் புடிக்கும், அந்த நேரத்துல பாரம் கொஞ்சம் எறங்குன மாதிரி இருக்கும். கண்ணுகிட்ட போட்டுறாதீங்க, நான் புருவத்துக்குக் கீழ இழுத்துவிட்டு அரைமணி நேரம் அழுதேன். மறுநாள் கல்யாண வீட்டுக்கு நெத்தியில மஞ்சள் கறையோட போனது தனிக் கதை.

காஞ்ச நொச்சி இலை ஒரு பொட்டலம் 40 ரூபா, பாதி தூளு. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா பாத்துட்டு "காசு குடுத்தா நொச்சி வாங்குனீக? ஊருணிக் கரையில கெடக்குதே"ன்னு போயி ஒரு கை பச்சையா ஒடிச்சுட்டு வந்துருச்சு. பித்தளைக் குண்டான்ல கொதிக்க வச்சு எறக்கி, போர்வைய போத்திக்கிட்டு ஆவி புடிச்சேன். சளி இளகி தொண்டை வழியா எறங்குறது தெரிஞ்சுச்சு, அன்னைக்கு ராத்திரிதான் தூங்குனேன். ஆனா மறுநாள் மத்தியானமே திரும்ப அடைச்சுக்கிச்சு, அதனால வேரோட போயிரும்னுலாம் நம்பாதீங்க. சின்னப் பிள்ளைகள குண்டான்கிட்ட விடாதீங்க.

அந்த வேரோட போயிரும்ங்கற வசனத்த சொன்னது கடைப் பையன், 280 ரூபா தைலத்தக் காட்டி. வாங்கித் தொலைச்சேன். மென்தாலும் யூகலிப்டஸும்தான் மணக்குது, மூக்கு ஜில்லுன்னு தொறந்த மாதிரி ஒரு பிரமை, அடைப்பு அப்படியேதான் இருந்துச்சு. லேபிள்ல என்ன போட்டுருக்குன்னு கூட இல்ல.

இப்ப குறை. மூக்கு கழுவுற கெண்டியும் விக்கிறாங்க, நல்ல சாமான்தான், ஆனா அதே பையன் "கெணத்துத் தண்ணிய வெதுவெதுன்னு வச்சு உப்பு போட்டு ஊத்துங்க"ன்னான். தப்பு. நல்லா கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணிதான் ஊத்தணும், பச்சத் தண்ணியில இருக்குற அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போனா உயிருக்கே ஆபத்து. குடிச்சா ஒண்ணும் பண்ணாத தண்ணிதான் மூக்குல போனா அப்படி. பெரியவர்கிட்ட சொன்னேன், பையன ஒரு பார்வை பாத்தாரு.

எங்க சித்தி பல வருஷமா சைனஸ்னு பத்து போட்டுக்கிட்டிருந்தது கடைசியில மைக்ரேன். வெளிச்சம் கூசுறது, வாந்தி வர்றதுலாம் இருந்தா கடைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போங்க. காய்ச்சல், கண்ணு வீக்கம் இருந்தாலும் பத்து நாளைக்கு மேல இழுத்தாலும் அப்படித்தான்.

5க்கு 3. நீர்க்கோவைக்கும் பெரியவருக்கும் சேத்து. திங்கக்கெழம போகாதீங்க, சந்தைக் கூட்டத்துல வண்டி நிறுத்த எடம் கெடைக்காது.